இங்கிலாந்து ஊர்ப்பேருக்குள்ள இருக்கிற லத்தீனைப் பிரிச்சுப் படிக்கிறது எப்படி

இங்கிலாந்து மேப்பை விரிச்சு வச்சு ஊர்ப்பேரு படிக்க ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் முதல்ல ஒரே இடத்துலதான் மாட்டிக்கிறாங்க. யார்க் ஊருக்கு லத்தீன்ல எபோராக்கம்னு பேரு, சரி, எபோராக்கம்னா என்ன அர்த்தம்னு லத்தீன் டிக்‌ஷனரியை எடுப்பாங்க, அதுல ஒண்ணும் கிடைக்காது. ஏன்னா அது லத்தீன் வார்த்தையே கிடையாது. கி.பி. 43ல ரோமானியப் படை வந்து இறங்கினப்போ அந்தத் தீவுல ஏற்கெனவே சனங்க இருந்தாங்க, ஆத்துக்கும் மேட்டுக்கும் காட்டுக்கும் அவங்க பேரு வச்சிருந்தாங்க, அவங்க பேசினது பிரிட்டானிக்னு சொல்ற ஒரு கெல்டிக் மொழி, இன்னிக்கு வேல்ஸ்ல பேசற வெல்ஷ் அதோட வாரிசுதான். வந்தவங்க அந்தப் பேருகளைக் காதால கேட்டு, கடைசியில ஒரு -உம், ஒரு -இயம், ஒரு -ஆ ஒட்டி எழுதி வச்சுக்கிட்டாங்க. அதனால எழுத்து லத்தீன், அர்த்தம் பெரும்பாலும் கெல்டிக். இது ஒண்ணு மனசுல பதிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

முதல் வேலை, கையில இருக்கிற பேரு எந்த வகைன்னு பிரிக்கிறது. மூணு வகை உண்டு. ரோமானியர் காலத்துலயே இருந்த பேரு ஒண்ணு, லண்டினியம், எபோராக்கம், லிண்டம் மாதிரி. ரெண்டாவது, ரோமானியர் போய் பல நூறு வருஷம் கழிச்சு சர்ச்சுலயும் அரண்மனையிலயும் கணக்கு எழுதின குமாஸ்தாக்கள் இங்கிலிஷ் பேரை லத்தீன் ஆக்கி எழுதினது, ஆக்ஸ்ஃபோர்டை ஆக்சோனியான்னு எழுதின மாதிரி. மூணாவது, நல்ல இங்கிலிஷ் பேருக்குப் பின்னாடி ஒரு லத்தீன் வார்த்தை வால் மாதிரி தொங்கறது, லைம் ரீஜிஸ், ஆஷ்பி மாக்னா. புதுசா வர்றவங்க இந்த மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க, நானும் ஆரம்பத்துல ஆஷ்பி மாக்னாவை ரோமானிய ஊருன்னுதான் நோட்டுல எழுதி வச்சிருந்தேன், அப்புறம்தான் ஆஷ்பிங்கறதே வைக்கிங்குகள் பேசின நார்ஸ் மொழி கலந்த பேருன்னு புரிஞ்சு அடிச்சுத் திருத்தினேன்.

ஒரு நோட்டு எடுத்து நாலு கட்டம் போட்டுக்கோங்க. ரோமானியப் பேரு, ரோமானியர் போனப்புறம் வந்து குடியேறி பழைய இங்கிலிஷ் பேசின ஆங்கிலோ சாக்ஸன்காரங்க காலத்துப் பேரு, வில்லியம் ராஜா எடுக்கச் சொல்லி 1086ல எடுத்த டூம்ஸ்டேங்கற நிலக் கணக்குல இருக்கிற ஸ்பெல்லிங், இப்போதைய பேரு. எல்லா ஊருக்கும் நாலும் ரொம்பாது, ரொம்பணும்னு அவசியமும் இல்ல. லண்டனும் வின்செஸ்டரும் டூம்ஸ்டேல இல்லவே இல்ல, அங்க தேடி நேரத்தை வீணாக்காதீங்க.

அடுத்து, கண்ணுக்குச் சட்டுனு தெரியற வால்ல இருந்து தொடங்குங்க, செஸ்டர். லத்தீன்ல கஸ்ட்ரான்னா படை முகாம். அதை ஆங்கிலோ சாக்ஸன்காரங்க சேயஸ்டர்னு சொன்னாங்க, பழைய ரோமானிய மதிலோ கோட்டையோ நின்ன இடத்துக்கெல்லாம் அந்த வார்த்தையை ஒட்டினாங்க. அதுவே ஏரியாவுக்கு ஏத்த மாதிரி மாறுது. மான்செஸ்டர், கோல்செஸ்டர், சிச்செஸ்டர்னு செஸ்டரா வரும், வைக்கிங்குகள் குடியேறின வடக்குலயும் கிழக்குலயும் லங்காஸ்டர், டான்காஸ்டர், டாட்காஸ்டர்னு காஸ்டரா வரும், மேற்குப் பக்கமும் நடுப்பகுதியும் போனா க்ளாஸ்டர், வூஸ்டர், லெஸ்டர், எழுதறப்ப நீட்டி எழுதுவாங்க, வாய்ல பாதியை முழுங்கிடுவாங்க. எக்ஸிட்டர்லயும் அதே கஸ்ட்ராதான் தேஞ்சு தேஞ்சு டர் மட்டும் நிக்குது. ஆனா கேம்பிரிட்ஜ் பக்கத்துல கிரான்ட்செஸ்டர்னு ஒரு ஊரு இருக்கு, அது இந்தக் கணக்குல வராது, கிரான்டா ஆத்தங்கரையில குடியிருந்தவங்கங்கற அர்த்தத்துல வந்த பேரு, காலப்போக்குல மத்த ஊருகளைப் பாத்து செஸ்டர்னு ஆகிடுச்சு. இதனாலதான் பழைய ஸ்பெல்லிங் பாக்காம எதையும் முடிவு பண்ணக்கூடாதுங்கறது.

செஸ்டர் மாதிரியே இன்னொரு தடயம் ஸ்ட்ரீட். கல்லு பாவின ரோட்டுக்கு லத்தீன்ல ஸ்ட்ராட்டா. ஸ்ட்ராட்ஃபோர்டு, ஸ்ட்ரெட்டன், லண்டன்ல இருக்கிற ஸ்ட்ரெத்தம், இந்தப் பேருகளைப் பாத்தா பக்கத்துல ரோமானிய ரோடு போயிருக்கான்னு மேப்புல தேடுங்க, பெரும்பாலும் இருக்கும். ஊத்துக்கு லத்தீன்ல ஃபான்ஸ், அது ஃபுன்டான்னு மாறி பெட்ஃபான்ட், சால்ஃபான்ட்னு பேருகள்ல ஒளிஞ்சிருக்கு.

இப்ப கெல்டிக் துண்டுகள். பத்துப் பன்னெண்டு தெரிஞ்சா போதும். டூனம்னா கோட்டை. டூரோன்னு முன்னாடி வந்தாலும் மதில் சூழ்ந்த ஊரு, கோட்டை மாதிரி. ப்ரிவான்னா பாலம். மாகுஸ்னா வெளி, சந்தை கூடற திடல். நோவியோன்னா புதுசு. லிண்டோன்னா குளம், தேங்கி நிக்கிற தண்ணி. டுப்ரான்னா தண்ணி. விண்டோன்னா வெள்ளை. வெண்டான்னா சந்தை ஊருன்னு வழக்கமா சொல்றாங்க. ராட்டேன்னா மண்மேடு கட்டின அரண்.

இதை வச்சு நீங்களே பிரிச்சுப் பாருங்க. கோல்செஸ்டரோட பழைய பேரு கமுலோடூனம், கமுலோஸ்ங்கற போர்க் கடவுளோட கோட்டை. ராச்செஸ்டர் டூரோப்ரிவே, பாலத்துக்கிட்ட இருக்கிற கோட்டை. சிச்செஸ்டர் நோவியோமாகுஸ், புதுச் சந்தை, நெதர்லாண்ட்ஸ்ல இருக்கிற நைமேகன் ஊரும் இதே நோவியோமாகுஸ்ல இருந்து வந்ததுதான். டோவர் டுப்ரிஸ், தண்ணிகள், வெல்ஷ்ல இன்னிக்கும் தண்ணிக்கு டூர்னுதான் சொல்றாங்க, டோவர்ல ஓடற சின்ன ஆத்துக்கு டௌர்னு பேரு. வடக்குல ரோமானியர் கட்டின ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்துல மரப்பலகைக் கடிதங்கள் கிடைச்ச விண்டோலாண்டா, வெள்ளையான, பளிச்சுனு இருக்கிற வெளி. லெஸ்டர் ராட்டே, அரண்கள்.

பேருக்குப் பின்னாடி ரெண்டாவது வார்த்தை வந்தா பயப்படாதீங்க, அது அந்த ஊரு எந்தக் குடிக்குச் சொந்தம்னு சொல்றது. வெண்டா பெல்காரம்னா பெல்கேக்களோட சந்தை ஊரு, அதுதான் வின்செஸ்டர். வெண்டா ஐசெனோரம்னா ஐசெனிகளோட ஊரு, கி.பி. 60 வாக்குல ரோமானியரை எதிர்த்து எழுந்து கோல்செஸ்டரையும் லண்டனையும் கொளுத்தின பூடிக்கா ராணி அந்தக் குடிதான், ஊரு நார்விச் பக்கத்துல இருக்கு. வெண்டா சிலூரம் வேல்ஸ்ல, இப்ப கேர்வென்ட், பேருக்குள்ள அந்த வெண்ட் அப்படியே உக்காந்திருக்கு பாருங்க. -ஓரம், -ஆரம்னு முடிஞ்சா அது நம்ம ஆறாம் வேற்றுமை, 'களுடைய', அவ்ளோதான். வேற்றுமை உருபு ஒட்டி ஒட்டிப் பேசற நமக்கு லத்தீன் இந்த விஷயத்துல ரொம்பப் பக்கம், இங்கிலிஷ் மட்டும் தெரிஞ்சவங்க தடுமாறற இடத்துல நாம ஈஸியா தாண்டிடலாம். இன்னொரு வசதியும் நமக்கு இருக்கு. லத்தீன்ல வி எழுத்தை டபிள்யூ மாதிரி உதட்டைக் குவிச்சுதான் அந்தக் காலத்துல சொன்னாங்க, அதனாலதான் வெண்டா வின்செஸ்டர் ஆனப்போ இங்கிலிஷ்ல டபிள்யூ வந்துச்சு. நமக்கு ரெண்டுக்கும் ஒரே வ தானே, உறவு நேராத் தெரியுது.

தமிழ் ஆளுக்குக் காதுல விழுந்ததும் நிமிர்ந்து உக்கார வைக்கிற பேரு ஒண்ணு இருக்கு, டேவா. செஸ்டர் நகரத்தோட ரோமானியப் பேரு அது, இருபதாவது லீஜியன் படை அங்கதான் தங்கியிருந்துச்சு. ஊருக்குன்னு வச்ச பேரு இல்ல, பக்கத்துல ஓடற டீ ஆத்தோட பேரு, அர்த்தம் தேவி. நாம சும்மா ஒலி ஒத்துமையைப் பாத்துச் சொல்ற கதை இல்ல இது, கெல்டிக்ல இருக்கிற அந்த வார்த்தையும் லத்தீன் தேயுஸும் சமஸ்கிருத தேவாவும் ஒரே வேர், அந்தச் சமஸ்கிருதத்துல இருந்துதான் தமிழுக்குத் தேவின்னு வந்துச்சு. ஆத்தைத் தேவியாப் பாத்தவங்க அங்கயும் இருந்திருக்காங்கங்கறது எனக்கு இன்னிக்கும் மனசைத் தொடற விஷயம். ஆனா ஒரு டேவா கிடைச்ச சந்தோஷத்துல எல்லா ஊருக்கும் தமிழ் வேர் தேடக் கிளம்பாதீங்க, தயவு செஞ்சு. ஒலி ஒத்திருந்தா மட்டும் போதாது, நடுவுல எந்த மொழி வழியா வந்துச்சுன்னு காட்ட முடியணும்.

ஆத்துப் பேருகளைத் தனியாக் கவனிங்க, ரொம்பப் பழசு அதுங்கதான். எக்ஸிட்டரோட ரோமானியப் பேரு இஸ்கா, அது எக்ஸ் ஆத்தோட பேரு, வேல்ஸ்ல அஸ்க், வடக்குல எஸ்க்னு ஓடறதெல்லாம் அதே குடும்பம். ஏவான் ஆறுன்னு இங்கிலாந்துல நாலஞ்சு இடத்துல இருக்கு, வெல்ஷ்ல அவோன்னாலே ஆறுதான், அதனால ஏவான் ஆறுன்னா 'ஆறு ஆறு'. மொழி தெரியாம வந்து குடியேறினவங்க, இது என்னன்னு கேட்டா ஆறுன்னு பதில் வந்திருக்கும், அதையே பேரா வச்சுக்கிட்டாங்க.

நிஜமாவே லத்தீன்ல அர்த்தம் இருக்கிற ரோமானியப் பேருகளும் உண்டு, கம்மிதான். நியூகாசில்ல இருந்த கோட்டை பான்ஸ் ஏலியஸ், ஏலியஸோட பாலம், ஏலியஸ்ங்கறது ஹேட்ரியன் சக்கரவர்த்தியோட குடும்பப் பேரு. ட்ராய்ட்விச் ஊரு சலினே, உப்பளங்கள், அங்க பூமிக்கடியில இருந்து உப்புத் தண்ணி ஊறுது. பாத் நகரம் அக்வே சூலிஸ், சூலிஸோட தண்ணிகள், முதல் பாதி லத்தீன், ரெண்டாவது பாதி அந்த ஊருச் சாமி. 46 டிகிரி சூட்டுல வெந்நீர் ஊத்து கொப்பளிச்சு வர்ற இடம், ரோமானியர் அந்த சூலிஸைத் தங்களோட மினர்வாவோட சேத்துக் கும்பிட்டாங்க. டெர்பிஷயர்ல பக்ஸ்டனும் இதே மாதிரி, அக்வே ஆர்னெமெட்டியே, அங்கயும் வெதுவெதுப்பான ஊத்து, அங்கயும் ஒரு பெண் தெய்வம்.

அடுத்த கேள்வி, அந்தப் பழைய பேரு இன்னிக்கு இருக்கிற பேருக்குள்ள உயிரோட இருக்கா இல்லியா. லண்டன், டோவர் தப்பிச்சுது. லின்கன் அழகா தப்பிச்சுது, லிண்டம் கொலோனியா, குளத்துக்கிட்ட இருக்கிற குடியேற்றம், கொலோனியான்னா ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்கு நிலம் குடுத்துக் குடியமர்த்தின ஊரு, 731ல பீட்ங்கற துறவி லிண்டோகொலினான்னு எழுதறாரு, அது சுருங்கி லின்கன். மான்செஸ்டர்ல முன்பாதி மமுசியம்ங்கற கெல்டிக் பேரு, மார்பு மாதிரி வட்டமான குன்றுன்னு பொதுவா விளக்கம் சொல்றாங்க, பழைய கைப்பிரதிகள்ல அந்தப் பேரை வேற வேற மாதிரி எழுதியிருந்ததால மான்குனியம்னு ஒரு வடிவம் பரவிடுச்சு, மான்செஸ்டர்காரங்களை மான்குனியன்னு சொல்றது அதுல இருந்து வந்ததுதான். செயின்ட் ஆல்பன்ஸ் ஊருல வெருலாமியம்ங்கற பழைய பேரு மொத்தமாப் போய் ஒரு புனிதரோட பேரு வந்து உக்காந்துச்சு. கேன்டர்பரியிலயும் டூரோவெர்னம் போயிடுச்சு, ஆல்டர் மரம் நிக்கிற சதுப்புக்கிட்ட இருந்த கோட்டைன்னு அர்த்தம், இப்ப இருக்கிறது கென்ட் மக்களோட கோட்டைங்கற இங்கிலிஷ் பேரு.

யார்க் கதையை மட்டும் நிதானமாப் படிங்க, இதுல மொத்த வித்தையும் இருக்கு. எபோராக்கம்ங்கறது யூ மரத்தைக் குறிக்கிற கெல்டிக் வார்த்தையில இருந்து வந்ததுன்னு அறிஞர்கள் பெரும்பாலும் ஒத்துக்கிறாங்க. ஆங்கிலோ சாக்ஸன்காரங்க வந்து கேட்டாங்க, அவங்க காதுல எபோர்ங்கறது அவங்க மொழியில காட்டுப்பன்னிக்குச் சொல்ற எயோஃபோர் மாதிரி விழுந்துச்சு, அதோட ஊரு, குடியிருப்புன்னு அர்த்தம் வர்ற விக் சேத்து எயோஃபோர்விக் ஆக்கிட்டாங்க. அந்த விக் கூட லத்தீன் விகுஸ்ல இருந்து வாங்கினதுதான். 866ல வைக்கிங்குகள் ஊரைப் பிடிச்சாங்க, அவங்க நாக்குல அது யோர்விக். அது சுருங்கி யார்க். மரம் பன்னியாகி, பன்னி தேஞ்சு ஒரே அசையில நிக்குது. ஒருத்தர் வந்து யார்க்னா என்ன அர்த்தம்னு கேட்டா எந்தக் காலத்து யார்க்னு திருப்பிக் கேக்கணும், அதான் சரியான பதில்.

லண்டினியத்துக்கு மட்டும் யாராவது அடிச்சு அர்த்தம் சொன்னா நம்பாதீங்க. லட்னு ஒரு ராஜா கட்டினாருங்கறது கட்டுக்கதை, மொழியியல்காரங்க இன்னும் அதுல ஒரு முடிவுக்கு வரல.

இனி ரெண்டாவது வகை, குமாஸ்தா லத்தீன். இது ஏன் தெரிஞ்சிருக்கணும்னா, பழைய சர்ச் ரெஜிஸ்டர், கல்லறைக் கல்வெட்டு, பத்திரம் எல்லாத்துலயும் இதுதான் வரும். ஆக்ஸ்ஃபோர்டுன்னா எருதுகள் ஆத்தைக் கடக்கிற துறை, சுத்தமான இங்கிலிஷ், அதுக்கு ரோமானியப் பேரே கிடையாது, ஆக்சோனியாங்கறது பின்னாடி உருவாக்கினது, பட்டத்துக்குப் பின்னாடி ஆக்சன்னு போடறது அதோட சுருக்கம். கேன்டாப்ங்கறது கேன்டாப்ரிஜியா, கேம்பிரிட்ஜ். ஷ்ராப்ஷயரைச் சலோப்னு எழுதியிருப்பாங்க. இங்கிலாந்துச் சர்ச் பிஷப்புங்க இன்னிக்கும் கையெழுத்துப் போடறப்ப குடும்பப் பேரை விட்டுட்டு ஊரோட லத்தீன் சுருக்கத்தைப் போடறாங்க, யார்க் ஆர்ச்பிஷப் எபோர், கேன்டர்பரி கேன்டுவார், வின்செஸ்டர் வின்டன், டர்ஹம் டுனெல்ம், ராச்செஸ்டர் ராஃபென். சால்ஸ்பரிக்கு சாரம்னு போடுவாங்க, இந்த சாரம்ங்கறது பிறந்ததே ஒரு சுருக்கெழுத்தால. சாரிஸ்பூரியாவை முழுசா எழுதாம சார் போட்டு ஒரு கோடு இழுத்து விட்டிருக்காங்க, அதே கோடு வேற இடத்துல -ரம்ங்கற எழுத்துக்கு நிக்கும், படிச்சவங்க சாரம்னு விரிச்சுட்டாங்க, அதுவே நிலைச்சுடுச்சு. ரெஜிஸ்டர் படிக்கிறப்ப -என்சிஸ்னு முடிஞ்சா 'அந்த ஊரைச் சேர்ந்த'ன்னு எடுத்துக்கோங்க, எபோராசென்சிஸ்னா யார்க்கைச் சேர்ந்த.

மூணாவது வகைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒவ்வொரு வாலுக்குப் பின்னாடியும் ஒரு நிலத்தகராறு, ஒரு சொந்தக்காரன் இருப்பான். மேற்கால இருக்கிற பண்ணைங்கற அர்த்தத்துல வெஸ்டன்னு ஊருக்கு ஊரு பேரு வச்சிட்டாங்க, அப்புறம் கணக்கு எழுதறவனுக்கு எந்த வெஸ்டன்னு தெரியணும்ல, அதனால ஒண்ணுக்கு சூப்பர் மேர், கடல் மேல, ஒட்டினாங்க. மாக்னா பெருசு, பார்வா சின்னது, லெஸ்டர்ஷயர்ல ஆஷ்பி மாக்னாவும் ஆஷ்பி பார்வாவும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ரீஜிஸ் ராஜாவோடது, லைம் ரீஜிஸுக்கு முதலாம் எட்வர்ட் 1284ல சாசனம் குடுத்தாரு, பாக்னர் ரீஜிஸுக்கு ரீஜிஸ் கிடைச்சது 1929லதான், ஐந்தாம் ஜார்ஜ் உடம்பு தேற அந்தப் பக்கம் வந்து தங்கினதுக்கு அப்புறம், அதனால ரீஜிஸ் பாத்தாலே இடைக்காலம்னு எழுதிடாதீங்க, வருஷம் பாருங்க. அபாஸ்னா மடாதிபதி, சுண்ணாம்புப் பாறையில பெரிய மனுஷ உருவம் செதுக்கின சேர்ன் அபாஸ் கேள்விப்பட்டிருப்பீங்க. எபிஸ்கோபின்னா பிஷப்போடது, சாமர்செட்ல ஹியூயிஷ் எபிஸ்கோபி. மொனகோரம்னா துறவிகளோடது, கனோனிகோரம்னா கதீட்ரல் குருமார்களோடது, பாருங்க திரும்பவும் அதே -ஓரம், அதே ஆறாம் வேற்றுமை.

டோர்செட்ல டோலர்னு ரெண்டு ஊரு இருக்கு. ஒண்ணு டோலர் ஃப்ராட்ரம், சகோதரர்களோடது, செயின்ட் ஜான் சபைத் துறவிகள் கையில இருந்த நிலம். இன்னொண்ணு டோலர் போர்கோரம், பன்னிகளோடது, பன்னி வளத்ததுக்குப் பேரு போன ஊரு. லின்கன்ஷயர்ல ஆஷ்பி புவேரோரம், பையன்களோட ஆஷ்பி, லின்கன் கதீட்ரல்ல பாடற சிறுவர்களோட செலவுக்கு அந்த நிலத்து வருமானம் போச்சு. நாட்டிங்கம்ஷயர்ல பார்ட்டன் இன் ஃபாபிஸ், மொச்சை அவரை மாதிரி பயறு விளையற வயலுக்கு நடுவுல இருக்கிற பார்ட்டன், பார்ட்டன்னா பார்லி விளையற பண்ணை, ஆக அந்த ஊரோட வெள்ளாமை மொத்தமும் பேருலயே இருக்கு. எசெக்ஸ்ல வெண்டன்ஸ் ஆம்போ, ஆம்போன்னா ரெண்டும், பெரிய வெண்டனும் சின்ன வெண்டனும் 1662ல ஒண்ணாச் சேந்ததுக்கு அந்தப் பேரு. சப்னா கீழ, ஜக்ஸ்டான்னா பக்கத்துல, கம்னா கூட, இந்த மூணும் ஊர்ப்பேருக்கு நடுவுல அடிக்கடி வரும்.

கடைசியா சரிபாக்கிறது. ரோமானியப் பேரு எங்க இருந்து நமக்குத் தெரியும்னு கேளுங்க. கி.பி. 150 வாக்குல டாலமி எழுதின புவியியல், அன்டோனைன் வழிப்பட்டியல், 400 வாக்குல வந்த நோட்டிஷியா டிக்னிடாட்டம்ங்கற ரோமானிய அதிகாரிகள், படைகளோட பட்டியல், 700 வாக்குல ராவென்னாவுல எழுதின பட்டியல், முக்கியமா இந்த நாலு, அப்புறம் கல்வெட்டு, விண்டோலாண்டா பலகைகள். வழிப்பட்டியல் ரொம்ப உதவும், பிரிட்டனுக்கு மட்டும் 15 ரூட், ஊருக்கு ஊரு எத்தனை ரோமானிய மைல்னு குடுத்திருக்கு, ஒரு ரோமானிய மைல் சுமார் 1.48 கிலோமீட்டர், நீங்களே மேப்புல அளந்து பேரு சரியான இடத்துலதான் உக்காருதான்னு பாக்கலாம். இங்கிலிஷ் பேருக்கு, 1923ல ஆரம்பிச்ச இங்கிலிஷ் ஊர்ப்பேர்ச் சங்கம் கவுன்ட்டி கவுன்ட்டியா போட்ட வால்யூம்கள் இருக்கு, நாட்டிங்கம் பல்கலைக்கழகம் ஆன்லைன்ல இலவசமா ஒரு தேடல் வச்சிருக்கு, அதுல ஊரைத் தட்டினா மூல மொழியும் அர்த்தமும் வரும்.

பழைய புத்தகத்தை மட்டும் அப்படியே நம்பாதீங்க. கோபன்ஹேகன்ல இருந்த சார்லஸ் பெர்ட்ரம்னு ஒருத்தர் 1747ல, இடைக்காலத் துறவி ஒருத்தர் எழுதின ஏடு கிடைச்சுதுன்னு வில்லியம் ஸ்டக்லிங்கற பெரிய ஆராய்ச்சியாளருக்கு எழுதினாரு, அதுல யாரும் கேள்விப்படாத ரோமானிய ஊர்ப்பேருகள், ரோடுகள் எல்லாம் இருந்துச்சு, 1757ல அச்சாச்சு, நூறு வருஷத்துக்கு மேல அறிஞர்கள் அதை வச்சு மேப்பு போட்டாங்க, 19ம் நூற்றாண்டோட பின்பாதியிலதான் மொத்தமும் அவரே எழுதினதுன்னு நிரூபணம் ஆச்சு. அந்தப் பேருகள் இன்னும் சில பழைய புத்தகங்கள்ல திரியுது. நான் மேல சொன்ன நாலு மூலத்துலயும் இல்லாம, கல்வெட்டுலயும் இல்லாம ஒரு ரோமானியப் பேரு வந்தா, பென்சில்ல மட்டும் எழுதுங்க.

பழக ஒரு பேரு தர்றேன், டர்ஹம் பக்கத்துல இருக்கிற செஸ்டர் லே ஸ்ட்ரீட். முன்னாடி கஸ்ட்ரா, பின்னாடி ஸ்ட்ராட்டா, நடுவுல இருக்கிற லே பிரெஞ்சு, 1066க்கு அப்புறம் நார்மன்காரங்க பேச்சோட வந்தது. ரோமானிய ரோட்டு மேல இருக்கிற கோட்டை. ஆனா அந்தக் கோட்டையில இருந்த சிப்பாய் அதை அப்படிக் கூப்பிடல, அவனுக்கு அது காங்காங்கிஸ், அதையும் கெல்டிக்காரங்க கிட்ட இருந்துதான் வாங்கியிருந்தான். நோட்டுல முதல் கட்டத்துல அதை எழுதிட்டு மத்த மூணையும் நீங்க ரொப்புங்க.